ராத்திரி நாய் எங்க படுக்கணும்? சங்கிலியா, அவிழ்த்து விடறதா, கூண்டா, வீட்டுக்குள்ளயா

போன மாசத்துல இருந்து மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியை கேட்டுட்டாங்க. கோத்தகிரி பக்கம் எஸ்டேட் லைன் வீட்ல இருக்கற ஒரு அக்கா, ஊட்டில ரெண்டு மாச லேப் குட்டி வாங்கின ஒரு தம்பி, குன்னூர்ல ஹோம்ஸ்டே நடத்தற ஒரு அண்ணன். வெளிய கட்டினா சிறுத்தை பயம், உள்ள விட்டா வீட்ல சண்டை, கூண்டுல போட்டா குளிர்ல நடுங்குது, ராத்திரி என்னதான் பண்றதுன்னு மூணு பேரும் கேக்கறாங்க. தனித்தனியா பதில் சொன்னா பாதி விஷயம் விட்டுப்போகுது, அதனால எல்லாத்தையும் ஒண்ணா எழுதிடறேன்.

மொதல்ல என் கதையை சொல்லிடறேன், ஏன்னா நான் எந்தப் பக்கம் சாய்வேன்னு உங்களுக்கு தெரியணும். ஜிம்மின்னு ஒரு செவலை நாட்டு நாய், ஏழு வருஷம் எங்ககூட இருந்தான். ராத்திரி ஆனா வாசல் தூண்ல ஆறடி சங்கிலில கட்டிடுவோம், எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான். ஒரு நாள் பதினோரு மணி வாக்குல விடாம குரைச்சான். காட்டுமாடு வந்திருக்கும்னு நெனச்சு உள்ள படுத்துட்டே "டேய் சும்மா இருடா"ன்னு சத்தம் போட்டேன். சட்டுனு நின்னுச்சு. சொன்ன பேச்சு கேட்டுட்டான்னு தூங்கிட்டேன். காலைல கதவைத் திறந்தா சங்கிலி நேரா நீட்டி இழுத்த மாதிரி கெடக்கு, நுனிக் கொக்கி வாயைப் பொளந்துட்டு விரிஞ்சிருக்கு. பக்கத்துல வெச்ச தண்ணிக் கிண்ணம் கவுறல, ஒரு சொட்டு சிந்தலை. டீச்செடிக்கு நடுவுல போற ஒத்தையடிப் பாதைல மட்டும் பனி ஈரத்தோட புல்லு படுத்திருந்துச்சு. அந்தக் கிண்ணத்தை நான் இன்னும் மறக்கல.

எதை வெச்சு முடிவு பண்றது

அஞ்சு விஷயம் பாக்கணும். ஒண்ணு, உயிர். சிறுத்தை அந்தி சாயறதுல இருந்து விடியற வரைக்கும் இரை தேடற மிருகம், நாய் அதுக்கு ரொம்ப சுலபமான இரை, நம்ம ஊர்ல அது வீட்டு வாசல் வரைக்கும் வர்றதுக்கு முக்கியமான காரணமே நாயும் தெருநாயும்தான். ரெண்டு, குளிரும் ஈரமும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, டிசம்பர் ஜனவரில புல்லு வெள்ளையா உறைஞ்சு கெடக்கும். குன்னூர் 1,850 மீட்டர், உறைபனி கம்மி, ஆனா குன்னூர் கோத்தகிரி பக்கம் அக்டோபர்ல இருந்து வடகிழக்கு மழை புடிச்சா எதுவுமே காயாது. கூடலூர் பக்கம் ஜூன்லயே ஆரம்பிச்சிடும். மூணு, நாயோட மனசும் பழக்கமும், அதாவது குரைப்பு, பயம், கடி. நாலு, கூட இருக்கற மனுஷங்க, பக்கத்து வீடு, குழந்தை, வீட்டு ஓனர். அஞ்சு, செலவு, மொதல் நாள் செலவு மட்டும் இல்ல, வருஷம் பூரா ஆகற செலவு.

இதுல மொதல் விஷயத்துல மட்டும் பேரம் பேசாதீங்க. மத்த நாலுலயும் கொஞ்சம் விட்டுக் குடுக்கலாம், உயிர்ல முடியாது.

1. வெளிய சங்கிலில கட்டறது

செலவு ஒண்ணும் இல்ல, வீடு சுத்தமா இருக்கும், அதனாலதான் பாதிப் பேர் இதையே செய்யறாங்க. ஆனா சங்கிலில இருக்கற நாயால ஓடவும் முடியாது ஒளியவும் முடியாது, அது எங்க இருக்குன்னு அதோட குரைப்பே காட்டிக் குடுத்துடும். சிறுத்தை புடிக்கறது கழுத்தை, ரெண்டு மூணு நொடில முடிஞ்சிடும், நீங்க போர்வையை விலக்கி எந்திரிக்கறதுக்குள்ள வெளிய ஒண்ணுமே இருக்காது. இமாச்சல் பக்கம் ஆடு மேய்க்கறவங்க நாய்க்கு ஆணி வெச்ச இரும்புப் பட்டை போடறாங்களே, நாமளும் போட்டா என்னன்னு ஒருத்தர் கேட்டார். அங்க நாலஞ்சு பெரிய நாய்ங்க கூட்டமா சுத்தும், ஆளும் பக்கத்துலயே படுத்திருப்பாங்க. தனியா தூண்ல கட்டின ஒத்தை நாயை பட்டை காப்பாத்திடும்னு நம்பிடாதீங்க.

கண்ணுக்குத் தெரியாத செலவும் நெறைய. நாள் முழுக்க கட்டியே கெடக்கற நாய்க்கு போற வர்ற எல்லாத்து மேலயும் கோவம் வரும், கிட்ட போய்ப் பாக்க முடியாத ஆத்திரம்தான் அது, அதுதான் நாளடைவுல பால்காரரையும் ஸ்கூல் பசங்களையும் கடிக்கறதுல முடியுது. அப்புறம் சங்கிலியோட சுவரைத் தாண்டிக் குதிச்சு அந்தப் பக்கம் தொங்கிச் செத்த நாயும் உண்டு, நம்ம ஊரு படிப்படியா இருக்கற நிலம், ஒரு பக்கம் பூரா பள்ளம், தயவு செஞ்சு அதை யோசிங்க. சிமெண்டுத் தரைல குளிர்ல படுத்து முழங்கையில முடி கொட்டி தோல் தடிச்சுப் போறது தனி.

ராத்திரிக்கு இது சரியா வர்ற ஒரு சந்தர்ப்பம்கூட எனக்குத் தெரியல. பகல்ல ஆள் இருக்கும்போது ஒரு மணி ரெண்டு மணி நேரம்னா ஓகே.

2. காம்பவுண்டுக்குள்ள அவிழ்த்து விடறது

சங்கிலியை விட பரவாயில்லன்னு தோணும், நாய் ஓடிடலாம் இல்லியான்னு. ஆனா ஆறடி சுவர் சிறுத்தைக்கு ஒரு தடையே இல்ல, அதுவும் மேட்டுப் பக்கம் சுவர் மூணடிதான் இருக்கும். இன்னொரு ஆபத்து கரடி. அவிழ்த்து விட்ட நாய் கரடியைப் பாத்து குரைச்சுட்டே கிட்ட போகும், கரடி திரும்பித் துரத்துச்சுன்னா நேரா நம்ம காலடிக்குதான் ஓடி வரும், பின்னாலயே கரடியும் வரும். காட்டுமாடு கிட்ட வாங்கற முட்டும் அதே மாதிரிதான்.

ஆண் நாயா இருந்தா ராத்திரில சுத்தப் போயிடும், சண்டை, சொறி, குட்டி, எல்லாம் அங்க இருந்துதான் ஆரம்பிக்குது. கருத்தடை பண்ணிட்டா இந்தச் சுத்தல் நல்லா குறையும். ஊட்டி பக்கம் டபிள்யூவிஎஸ் டிரெய்னிங் சென்டர் இருக்கு, வெட் டாக்டர்களுக்கே இந்த ஆபரேஷன் சொல்லிக் குடுக்கற இடம், அதனால நம்ம மாவட்டத்துல இதுக்கு ஆள் இல்லன்னு சொல்ல முடியாது.

காவலுக்கு நாய் வெளியதான் இருக்கணும்னு நெறைய பேர் நெனைக்கறாங்க. திருடன் பயப்படறது குரைப்புக்கு, குரைப்பு வீட்டுக்குள்ள இருந்து வந்தாலும் அவனுக்கு ஒண்ணுதான். உள்ள இருக்கற நாய்க்கும் கேட் திறக்கற சத்தம் கேக்கும், என் அனுபவத்துல வெளிய இருந்ததை விட தேவைக்கு மட்டும் குரைக்கும், அதனால குரைச்சா நாமளும் எந்திரிச்சுப் பாப்போம்.

3. கூண்டு

நல்லா செஞ்ச கூண்டு உண்மையாவே நல்ல வழி. ஆனா நான் பாத்த கூண்டுல பாதிக்கு மேல சிறுத்தைக்கும் உதவாது குளிருக்கும் உதவாது. என் மொதல் கூண்டும் அப்படித்தான், ஜிம்மி போனப்புறம் லட்டு வந்தப்ப அவசரத்துல செஞ்சது, ஒரு சீசன் தாங்கல. ரெண்டாவது செஞ்சதுல கத்துக்கிட்டதை விலாவாரியா சொல்றேன்.

மேல மூடணும். சிறுத்தை மரம் ஏறற மிருகம், மேல திறந்திருந்தா நாம நாயை ஒரு குழிக்குள்ள போட்டு வெச்ச மாதிரி. அடுத்தது கம்பி இடைவெளி. ஜன்னல் கிரில் மாதிரி நாலு இன்ச் கேப் விட்டா சிறுத்தையோட கை உள்ள வந்துடும், நாய் கம்பில சாஞ்சு படுத்திருந்தா கிழிச்சிடும். அதனால கிரில்லுக்கு மேல ஒரு இன்ச் வெல்டு மெஷ் அடிச்சுடுங்க. வேலிக்குப் போடற டைமண்ட் வலை மட்டும் போதாது, வளையும். நாலு பக்கமும் கம்பியா விடாம மூணு பக்கம் செங்கல்லோ கனமான பலகையோ வெச்சு ஒரு பக்கம் மட்டும் திறப்பு விட்டா, காத்தும் அடிக்காது, வெளிய ஏதாவது சுத்தினா நாய் பின்னால ஒதுங்கவும் இடம் இருக்கும். தாழ்ப்பாள் கீழ ஒண்ணு மேல ஒண்ணு, கூடவே பூட்டு. கால்களை தரைல கான்கிரீட் போட்டுப் பதிச்சிடுங்க.

இனி குளிர். மேல தகர ஷீட் போட்டா விடியக்காலைல அது உள்பக்கம் வேர்த்துக் கொட்டும், மழையே இல்லாம நாய் நனைஞ்சு கெடக்கும். லட்டுவுக்கு மொதல் வருஷம் அதுதான் நடந்துச்சு, முதுகுல மட்டும் முடி ஒட்டி ஒட்டி இருக்கு, எதுக்குன்னே புரியல, ஒரு நாள் அஞ்சு மணிக்கு டார்ச் எடுத்துட்டுப் போய் நானே உள்ள கொஞ்ச நேரம் குனிஞ்சு உக்காந்தேன், சொட்டு சொட்டா கழுத்துல விழுது. ஷீட்டுக்குக் கீழ தெர்மாகோல், அதுக்குக் கீழ பிளைவுட் அடிச்சப்புறம் நின்னுச்சு. தரையை அரை அடி தூக்கி மேல மரப்பலகை போடணும். கூண்டு எவ்ளோ பெருசா இருந்தாலும் படுக்கற பெட்டி தனியா சின்னதா வேணும், நாய் எந்திரிச்சு நின்னு ஒரு சுத்து சுத்திப் படுக்கற அளவு போதும், அதுக்கு மேல பெருசா இருந்தா அதோட உடம்புச் சூடு தங்காது. வாசலுக்கு ஒரு சாக்குத் திரை. படுக்கைக்கு காஞ்ச வைக்கோல் நல்லது, சாக்கு போட்டா ரெண்டு செட் வெச்சுக்கங்க, மழைக்காலத்துல ஒண்ணு காய நாலு நாள் ஆகும். தினமும் ராத்திரி கையை வெச்சு அழுத்திப் பாருங்க, ஈரம் இருந்தா உங்க கைக்கே தெரியும்.

ஈரத்தை விட்டுட்டா வர்ற செலவு கூண்டு செலவை விட ஜாஸ்தி. லேப், காக்கர் மாதிரி காது தொங்கற நாய்ங்களுக்கு காதுல பூஞ்சை வரும், தலையை ஆட்டிக்கிட்டே இருக்கும், காதுல பிரவுன் கலர் அழுக்கும் ஒரு புளிச்ச வாடையும் இருக்கும். வயித்துலயும் கால் விரலுக்கு நடுவுலயும் சிவந்து நக்கிக்கிட்டே இருக்கும். ராத்திரி மிச்சச் சோத்தை கூண்டுல விட்டா எலி வரும், எலி மூத்திரத்துல இருந்து லெப்டோ, அதாவது எலிக் காய்ச்சல், வரும், அதனால தட்டை எடுத்துடுங்க, லெப்டோ சேர்ந்த ஊசியை வருஷா வருஷம் போட்டுடுங்க.

எனக்கு கிரில் கடைல மொத்தம் 17,500 ரூபா ஆச்சு, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை துருவுக்கு பெயிண்ட். ஆனா பணத்தை விட பெரிய செலவு நாயோட மனசு. சிறுத்தை கூண்டை சுத்தி வந்துட்டுப் போனா நாய்க்கு உடம்புல ஒரு கீறல்கூட இருக்காது, ஆனா ரெண்டு நாள் சாப்பிடாது, மெஷ்ஷை கடிச்சுப் பல்லை உடைச்சுக்கும், அடுத்த நாள் சாயந்திரம் கூண்டுப் பக்கமே வராது. அதனாலதான் கூண்டை தோட்டத்துக் கடைசில வெக்காதீங்கன்னு திரும்பத் திரும்ப சொல்றேன். நீங்க படுக்கற ரூம் சுவரை ஒட்டி வெச்சிடுங்க, உங்க இருமல் சத்தம் அதுக்கு கேக்கணும்.

பழக்கறதுக்கு ரெண்டு வாரமாவது குடுங்க. பகல்ல கதவைத் திறந்து வெச்சு சாப்பாடெல்லாம் உள்ளயே வெச்சு, தானா போய்ப் படுக்கற அளவுக்கு வந்தப்புறம் ராத்திரி மூடுங்க. தப்பு செஞ்சா தண்டனைக்கு கூண்டுல தள்ளி மூடறதை மட்டும் பண்ணாதீங்க.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதெல்லாம் வெயில் ஊரு நாய்ங்க, முடி குட்டை, உடம்புல கொழுப்பே இல்ல, ஊட்டி குளிர்ல எவ்ளோ நல்ல கூண்டா இருந்தாலும் ராத்திரி பூரா நடுங்கும். ஜெர்மன் ஷெப்பர்டும் முடி அடர்ந்த நாட்டு நாயும் தாங்கும். குட்டிக்கும், எட்டு ஒன்பது வயசு தாண்டின நாய்க்கும், பக் மாதிரி சின்ன நாய்க்கும் கூண்டே வேணாம்.

4. வீட்டுக்குள்ள

என் முடிவு இதுதான், லட்டு இப்ப உள்ளதான் படுக்கறான், கூண்டு பகலுக்கு. உயிர், குளிர் ரெண்டுக்கும் இதை மிஞ்ச ஒண்ணும் இல்ல. ஆனா இதுலயும் செலவு இருக்கு, அதை மறைக்கக் கூடாது.

பெரிய பயம் உண்ணி. இதுல எல்லாரும் தலைகீழா புரிஞ்சு வெச்சிருக்காங்க. நாய் மேல வர்ற பிரவுன் உண்ணி வீட்டு சுவர் விரிசல்லயும் கட்டில் இடுக்குலயும்தான் சவுக்கியமா முட்டை வெக்கும், ஒண்ணு ஆயிரக்கணக்குல வெக்கும். அதனால நாயை வெளிய விட்டா உண்ணி தீராது, நாய் மேல ஏறின உண்ணி சாகற மாதிரி மருந்து குடுத்தாதான் தீரும். மாசம் ஒரு தடவை குடுக்கற மாத்திரையும் இருக்கு, 12 வாரம் தாங்கற மாத்திரையும் இருக்கு, நாயோட எடையைப் பாத்து டாக்டர் சொல்லுவார், வலிப்பு வந்த நாயா இருந்தா மொதல்லயே சொல்லிடுங்க. இது வருஷம் பூரா ஓடற செலவு, பட்ஜெட்ல போட்டுக்கங்க. ஆனா ஒரு தடவை உண்ணிக் காய்ச்சல் வந்து, ஈறு வெளுத்து, மூத்திரம் காபி கலர்ல போய், டிரிப்ஸ் போட்டுத் தூக்கி நிறுத்தின செலவுக்கு இந்த மாத்திரை ஒண்ணுமே இல்ல. மாட்டுக்கு அடிக்கற உண்ணி மருந்தை நாய் மேல ஊத்தறதை மாடு இருக்கற வீட்ல எல்லாம் பாக்கறேன், அளவு தப்பினா நாய் செத்துடும், சில மருந்து அதே வீட்ல இருக்கற பூனைக்கு வாசம் பட்டாப்போல கொஞ்சம் ஒட்டினாலும் விஷம்.

அடுத்தது மூத்திரம். குட்டி எத்தனை மாசமோ அதோட ஒண்ணு கூட்டிக்கங்க, அத்தனை மணி நேரம்தான் அடக்கும். ரெண்டு மாசக் குட்டின்னா மூணு மணி நேரம், அதாவது ராத்திரில ரெண்டு தடவை நீங்க எந்திரிக்கணும். பெரிய நாய் எட்டு மணி நேரம் தாங்கும், ஒன்பதரை மணிக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போயிடுங்க. இந்த வழியோட ஆபத்தான நேரமே அந்த அஞ்சு நிமிஷம்தான். கதவைத் திறந்து "போயிட்டு வா"ன்னு விடவே கூடாது, கயிறு, டார்ச், வாசல்ல சென்சார் லைட், நீங்களும் கூடவே. நடு ராத்திரில குட்டிக்கு வெளியவே வேணாம், பாத்ரூம்ல மண் தட்டு வெச்சுப் பழக்கிடுங்க.

வாடையும் முடியும் இருக்கும், உண்மைதான். மழைல நனைஞ்சா உள்ள விடறதுக்கு முன்னாடி காது, விரல் இடுக்கு வரைக்கும் துவட்டணும். குழந்தை இருக்கற வீடுன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை பூச்சி மாத்திரை. குளிருக்கு கரி போட்ட நெருப்புச் சட்டியை மூடின ரூம்ல வெக்கறதை மட்டும் விட்டுடுங்க, அந்தப் புகைல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது, தூக்கத்துலயே மனுஷனையும் நாயையும் சேத்துக் கொன்னுடும். தரைல இருந்து தூக்கின ஒரு சாக்குக் கட்டில் போதும்.

வயசான நாய் ராத்திரில காரணமே இல்லாம எந்திரிச்சு சுத்தி சுத்தி நடந்து சுவரைப் பாத்துக் குரைச்சா திமிருன்னு நெனச்சு வெளிய தள்ளிடாதீங்க, மூட்டு வலியா இருக்கலாம், இல்ல வயசானவங்களுக்கு மறதி வர்ற மாதிரி நாய்க்கும் வரும். டாக்டர் கிட்ட காட்டுங்க, ரெண்டுக்கும் மருந்து இருக்கு. வீட்ல இருக்கற டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் குடுத்துடாதீங்க, வயித்துல புண்ணாகி ரத்தம் ரத்தமா போகும், கிட்னியும் போயிடும். இதே டைக்ளோஃபினாக்தான் மாட்டு உடம்புல தங்கி பாறுக் கழுகுகளைக் கொன்னது, மாட்டுக்குக் குடுக்கறதை 2006லயே தடை பண்ணிட்டாங்க, நம்ம மாயார் பள்ளத்தாக்குல மிச்சம் இருக்கற கழுகுங்களுக்கு இன்னும் அந்த பயம் தீரல.

நடுவுல ஒரு வழி: ஸ்டோர் ரூம், கார் ஷெட், மூடின வராந்தா

வீட்ல ஒத்துக்கவே மாட்டாங்கன்னா இதுதான் அடுத்த நல்ல வழி, புதுக் கூண்டுல பாதி செலவுகூட ஆகாது. ஆனா நாயை விடறதுக்கு முன்னாடி ரூமை காலி பண்ணுங்க. கேரட்டு உருளைக்கு அடிக்கற மருந்து, எலி மருந்து, உர மூட்டை, எல்லாமே இங்கதான் கெடக்கும், ராத்திரி பொழுது போகாத நாய் மொதல்ல கடிக்கறது அதைத்தான். கதவுக்குக் கீழ காத்து வர்ற இடைவெளியை அடைச்சிடுங்க, மேல ஒரு வெண்டிலேட்டர் மெஷ்ஷோட இருக்கணும்.

எந்த வழியா இருந்தாலும்

வீட்டை சுத்தி உண்ணிச்செடிப் புதரை, அதாவது லாண்டானாவை, வெட்டிடுங்க, சிறுத்தை பதுங்கறது அதுலயும் கவாத்து பண்ணாம ஓங்கிப்போன டீச்செடிலயும்தான். கோழிக் கழிவை ஓடைல கொட்டினா தெருநாய் வரும், தெருநாய்க்குப் பின்னால சிறுத்தை வரும். சுருக்கு வெக்கறது, விஷம் வெக்கறது ரெண்டும் பெரிய குத்தம், சிறுத்தை 1972 வனவிலங்கு சட்டத்துல மொதல் அட்டவணைல இருக்கு, அதோட உங்க நாயே சுருக்குல மாட்டிக்கும்.

நாய் சிறுத்தை கிட்ட இருந்து தப்பிச்சு வந்துச்சுன்னா, பல்லு பட்ட இடம் வெளிய சின்ன ஓட்டையாதான் தெரியும், உள்ள ஆழமா இருக்கும், நாலாம் நாள் சீழ் புடிக்கும். கையுறை போட்டுக்கிட்டு சோப்பும் ஓடற தண்ணியுமா 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே டாக்டர் கிட்ட போயிடுங்க, ரேபிஸ் ஊசி ஏற்கனவே போட்டிருந்தாலும் மறுபடி போடணும். உங்க கைல கீறல் இருந்து நாயோட எச்சிலோ ரத்தமோ பட்டிருந்தா நீங்களும் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க. குன்னூர்ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907ல ஆரம்பிச்சதே இந்த வியாதிக்காகத்தான், அந்த ஊர்க்காரங்க நாம இதுல அலட்சியமா இருக்கவே கூடாது.

கேட்டவங்களுக்கு

ஊட்டி தம்பி, யோசிக்கவே வேணாம், ஒரு வயசு வரைக்கும் உள்ளதான். உங்க கட்டிலுக்குப் பக்கத்துலயே ஒரு அட்டைப் பெட்டில படுக்க வைங்க, மொதல் வாரம் அழும், கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு தூங்குங்க, அந்த வாசனை இருந்தா அடங்கிடும்.

ஹோம்ஸ்டே அண்ணன், கெஸ்ட் வர்ற இடம், நாய்னா பயப்படறவங்களும் வருவாங்க, குரைப்புக்கு ரிவ்யூல எழுதுவாங்க. உங்களுக்கு கூண்டுதான் சரி, ஆனா பார்க்கிங் மூலைல வேணாம், வேலையாள் படுக்கற ரூம் சுவரை ஒட்டி வைங்க. டிசம்பர் ஜனவரில மட்டும் உள்ள.

கோத்தகிரி அக்கா, உங்களுக்குதான் கஷ்டம், எனக்குப் புரியுது. ரெண்டு ரூம், அஞ்சு பேரு, சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், எஸ்டேட் இடத்துல கூண்டு கட்ட பெர்மிஷன் வேற கேக்கணும். லைன்ல நாய் வெச்சிருக்கற நாலு வீடு சேந்து போய்க் கேட்டுப் பாருங்க, பொதுவா ஒரு பழைய ஷெட்டை ஒதுக்கிக் குடுத்தா அதுல பலகை வெச்சுப் பிரிச்சுக்கலாம், செலவும் நாலாப் பிரியும். அது கெடைக்கற வரைக்கும் சமையல் மேடைக்கு அடில விறகு வெக்கற இடத்தை காலி பண்ணி ஒரு சாக்கை விரிச்சு அங்க படுக்க வைங்க. விறகை வாசல்ல தார்ப்பாய் போட்டு மூடிக்கலாம், அது நனைஞ்சா அப்புறமா காய வெச்சுக்கலாம் அக்கா. இன்னிக்கு சாயந்திரம் ஆறு மணிக்கு முன்னாடி சங்கிலியைக் கழட்டிடுங்க.